எங்கிருந்து கூப்பிட்டாலும்

ஹில்டா டீச்சர் அந்த வார்த்தையை ஏழாவது தடவையாக அடித்தபோது மணி இரண்டரை. கறுப்புக் கட்டத்துக்குள் வெள்ளை எழுத்தில் லில்லிபாண்ட், ஆங்கிலத்தில் எட்டு எழுத்து, எட்டையும் விரல் நுனியால் திரையில் தொட்டு எண்ணிவிட்டுத்தான் என்டரைத் தட்டினாள், முப்பத்தோரு வருஷம் பெண் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் பாட்டும் சொல்லிக்கொடுத்தவள், எழுத்துப் பிழை விட்டால் அவள் கண்ணுக்குத் தப்பாது, பிழை எதுவும் இல்லை, இருந்தும் கம்ப்யூட்டர் அதே பதிலைத்தான் சொன்னது: உள்ளேயும் சரி வெளியேயும் சரி, இப்படியொரு கட்டளையை நான் அறியேன். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை, சும்மா சொன்னது. அவளுக்கும் கோபமோ வருத்தமோ வரவில்லை. புரோகிராம் இல்லாமல் இல்லை. காலையில் அவளே இணையத்திலிருந்து இறக்கி, சுருக்கி வைத்திருந்ததை விரித்து, சி டிரைவில் வைத்தாள். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போனால் கடைசியில் ‘பின்’ என்று ஒன்று வரும், அதற்குள் இருக்கிறது. அங்கே போய் நின்றுகொண்டு கூப்பிட்டால் உடனே பதில் சொல்கிறது. ஓர் அடி வெளியே வந்து கூப்பிட்டால் தெரியாது என்கிறது. பென் டிரைவ் பிரதியிலிருந்து ஏற்றிய பாட்டுகளோ டி டிரைவில் வேறோர் இடத்தில் இருக்கின்றன, வருஷ வாரியாக, பண்டிகை வாரியாக, இருநூற்றுப் பதினாறு பாட்டு. பாட்டை எழுத்தாக அடித்துக் கொடுத்தால் ஐந்து கோடும் புள்ளியுமாக நொட்டேஷன் போட்டு, அச்சுக்குத் தயாராகப் பக்கம் பக்கமாகத் தரும் மென்பொருள் அது. பழைய லேப்டாப்பில் எந்த ஃபோல்டரில் இருந்தாலும் பெயரைச் சொன்னதும் வந்துகொண்டிருந்தது. பழைய லேப்டாப் போன மாதம் திறக்காமல் போய்விட்டது. கணவர் இறந்த வாரத்தில்தான், எந்த நாள் என்று நினைவில்லை, அந்த வாரத்தில் எது எப்போது நின்றது என்று யார் பார்த்தார்கள்.

இது சர்ச் பாடகர் குழுச் செயலாளர் ஆல்வின் செகண்ட் ஹேண்டில் வாங்கிக் கொடுத்த லேப்டாப். புதன்கிழமை கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, “எனக்கு எக்செல் மட்டும்தான் தெரியும் டீச்சர், இதெல்லாம் நீங்களே பாத்துக்கோங்க,” என்று சொல்லிவிட்டு, போகாமல் நின்றான், நாற்பது வயது ஆள், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, “இந்த வருஷம் வேற யாராவது கண்டக்ட் பண்ணட்டும்னு கமிட்டியில சிலர் சொன்னாங்க. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுட்டு,” என்றான். “நானே செய்றேன்,” என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரப் பண்டிகை, நன்றிப் பாட்டு, மெட்டு அவளுடையது, ஏப்ரலில் போட்டது, அவர் அப்போது முன் அறையில் செய்தித்தாளோடு இருந்தார், ‘அந்த மூணாவது வரியை இன்னொரு தடவை வாசி’ என்றார், வாசித்தாள், ‘ம்’ என்றார், அது நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா இல்லையா என்று அவரோடு வாழ்ந்த முப்பத்து நாலு வருஷத்தில் அவளுக்குத் தெரிந்ததே இல்லை. இன்றைக்கு வெள்ளி. ஆறு மணிக்கு ஆல்வின் பென் டிரைவ் வாங்க வருவான், நாலு குரலுக்கும் தனித்தனித் தாள் அச்சடித்து, நகல் எடுத்து, நாளைக்குச் சாயங்காலம் ஒத்திகை. ஒரு பாட்டுதானே, அந்தப் பாட்டு ஃபைலை மட்டும் ‘பின்’ ஃபோல்டருக்குள் நகல் எடுத்துப் போட்டு முடித்துவிடலாம், முயன்றும் பார்த்தாள், அந்த ஃபைல் டி டிரைவில் இருக்கும் இன்னும் மூன்று ஃபைல்களைத் தேடியது, பக்க அளவுக்கு ஒன்று, தமிழ் எழுத்துக்கு ஒன்று, குழுவின் பெயர் தலைப்பில் வர ஒன்று, மூன்றையும் மகள் கெசியாதான் எழுதிக் கொடுத்தது, அவற்றை எங்கே வைத்தாள், எதற்குள் எது என்று ஹில்டாவுக்குத் தெரியாது. கெசியா இருந்தால் இரண்டு நிமிஷ வேலை. இந்த நினைப்பு வந்ததும் அதைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்று ஒரு பழக்கம் இருக்கிறது, தெருவில் உடைந்த சிமென்ட் மூடியைத் தாண்டிக் கால் வைப்பது போல, தாண்டினாள்.

காற்று கதவை அடித்தது. ஜூலை மாதத்துக் காற்று, மேற்கே மலையில் சாரல் விழுந்தால் பாளையங்கோட்டைக்கு மண்தான் வரும், கீபோர்டு மேல் பொடிப்பொடியாக மண், அதை ஊதினாள், மறுபடி வந்து உட்கார்ந்தது. மத்தியானம் சாப்பிட்டாளா? அடுப்பில் பாத்திரம் இருந்தது, தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது, அப்படியென்றால் சாப்பிட்டிருக்கிறாள். ஐந்து வாரமாக எல்லாம் இப்படி அடையாளம் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள், தலைமுடி ஈரமாக இருந்தால் குளித்திருக்கிறாள், பைபிளில் பட்டு நாடா நகர்ந்திருந்தால் வாசித்திருக்கிறாள். அழவில்லை. ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்து நடு அறையில் கிடத்தினபோதும் அழவில்லை, கல்லறைத் தோட்டத்தில் அத்தனை பேர் பாடினபோது டெனர் குரல் அரை ஸ்வரம் இறங்கிப்போகிறது என்று காது தானாகக் குறித்துக்கொண்டது, வாய் திறந்து ஆல்டோ பாடியது, பாடி முடித்து மூடிக்கொண்டது. நாத்தனார் பமீலா தோளைப் பிடித்துக்கொண்டு, “அழுதிருங்க மைனி, உள்ள வச்சிக்கிடாதிய,” என்றாள். உள்ளே எதுவும் இல்லை என்று எப்படிச் சொல்வது. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் யாருடையதோ கன்னத்தைத் தொடுவது போல இருக்குமே, அப்படித்தான் இருந்தது, கன்னத்தில் மட்டும் அல்ல, எல்லாவற்றிலும். பமீலாதான் அன்று காலையில் கேட்டாள், கேட்டாள் என்றும் சொல்ல முடியாது, முடிவாகவே சொன்னாள், “அவளுக்குச் சொல்லண்டாம். அண்ணன் சொன்னா சொன்னதுதான். உயிரோட இருக்கையில வீட்டுப் படி மிதிக்கக்கூடாதுன்னாவ, போனப்புறம் நாம மாத்த முடியுமா?” ஹில்டா கையில் செல்போன் இருந்தது. திரையில் கெசியா என்ற பெயர் இருந்தது. பெருவிரல் அதன் மேல் இருந்தது. பிறகு ஐஸ் பெட்டிக்காரர் வாசலில் வந்து பிளக் பாயின்ட் எங்கே என்று கேட்டார், அவள் எழுந்து போய்க் காட்டினாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அடக்கம் முடியும்வரை போன் எங்கே இருந்தது என்றே தெரியாது. மறுநாள் சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு ஒரே ஒரு செய்தி வந்தது. யாரோ தெருமுனைக் கண்ணீர் அஞ்சலி பேனரைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், அதில் மனைவி பெயர் உண்டு, தங்கை பெயர் உண்டு, மகள் என்ற வரியே இல்லை. கெசியா எழுதியிருந்தாள்: ‘பார்த்தேன்.’ கடைசியில் முற்றுப்புள்ளி வைத்திருந்தாள். செல்போனில் யாரும் முற்றுப்புள்ளி வைப்பதில்லை. ஹில்டா அந்தப் புள்ளியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள், எந்த ஃபோல்டரிலிருந்தும் இயங்கச் செய்வது எப்படி என்று படிப்படியாகப் போட்டிருந்தது. கம்ப்யூட்டருக்குள் பாத் என்று ஒரு பட்டியல் இருக்கிறதாம், பாத் என்றால் வழி, நாம் ஒரு பெயரைச் சொன்னால் அந்தப் பட்டியலில் இருக்கிற இடங்களில் மட்டும் வரிசையாகப் போய்த் தேடும், அங்கே இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிடும், வேறெங்கும் எட்டிப் பார்க்காது. லில்லிபாண்ட் இருக்கிற இடத்தின் முகவரியை அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டால் போதும். படித்தாள், புரிந்தது. அமைப்புகளைத் திறந்து, அதற்குள் மேம்பட்ட அமைப்புகள், அதற்குள் ஒரு பொத்தான், அதற்குள் இரண்டு கட்டம், மேல் கட்டத்தில் பாத் என்ற வரி, அதைத் தட்டினால் இன்னொரு ஜன்னல், அதில் ‘புதியது’. முகவரியை ஒட்டினாள். ஓகே கொடுத்தாள். கறுப்புக் கட்டத்துக்கு வந்து எட்டு எழுத்தையும் அடித்தாள். நான் அறியேன் என்றது. ஒருவேளை ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கும், ஒரு எழுத்து போதும், எல்லாம் மாறிவிட ஒரு எழுத்து போதும். அந்த இடத்தில் நினைப்பு மாட்டிக்கொண்டது. ஐந்து வாரமாக தினமும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறது, சேலைத் தலைப்பு கதவுத் தாழ்ப்பாளில் மாட்டுவது போல, இழுத்தால் கிழியும், இழுக்காவிட்டால் நகர முடியாது. ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள், சாயங்காலம் நாலு மணி, பார்வையாளருக்கு ஐந்து நிமிஷம். பச்சைக் கோட்டு மாட்டிவிட்டு உள்ளே அனுப்பினார்கள். அவர் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க், கண் திறந்திருந்தது, அவளைத் தெரிந்தது. கையைப் பிடித்தாள், வலது கை, ஊசி குத்தாத கை. மாஸ்க்குக்குள்ளிருந்து ‘கெசியாவுக்கு’ என்றார். மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் உரக்கச் சொல்லப்படாத பெயர். மாஸ்க் வெள்ளையாகப் பனித்தது, தெளிந்தது. அப்புறம், ‘சொல்ல’ என்றார். சொல்ல. அதற்கு மேல் ஒரு எழுத்தோ இரண்டு எழுத்தோ இருந்தது, உதடு அசைந்தது, மறுபடி பனித்தது, காற்றுக் குழாயின் உஸ்ஸென்ற சத்தத்துக்குள் அது போய்விட்டது. சொல்லாதே என்றாரா. சொல்லு என்பதைத்தான் மூச்சு வாங்கி சொல்ல என்று இழுத்தாரா. சொல்லணும் என்றாரா. அவள் ‘சரி’ என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நிம்மதியாகத்தான் மூடிக்கொண்டார், அது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் எந்தச் சரிக்கு நிம்மதி? அவள் சொன்ன சரி இரண்டுக்கும் பொருந்துகிற சரி. மறுநாள் காலை ஐந்து இருபதுக்குப் போய்விட்டார், போன் பண்ணித்தான் சொன்னார்கள்.

நாலு மணிக்கு ஆல்வின் கூப்பிட்டான். “டீச்சர், ஆகுதா?” “பாத்துக்கிட்டு இருக்கேன்.” “முடியலன்னா சொல்லுங்க டீச்சர், போன வருஷத்துப் பாட்டையே பாடிருவோம். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.” ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்பது உண்மைதான், பாவம் என்பார்கள், டீச்சரால் முடியவில்லை, அவர் போனதிலிருந்து ஆள் ஒரு மாதிரி ஆகிவிட்டாள் என்பார்கள், போன வருஷப் பாட்டைப் பாடிவிட்டு அசன விருந்துக்கு உட்காருவார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. “ஆறு மணிக்கு வாங்க,” என்று வைத்தாள். திரும்பவும் ஜன்னலுக்குள் ஜன்னலாகப் போனாள். பட்டியலில் அவள் ஒட்டின முகவரியைக் காணவில்லை. மறுபடி ஒட்டினாள். ஓகே. அறியேன். கெசியா இதைச் செய்தபோது ஹில்டா பக்கத்தில்தான் இருந்தாள், ஆறு வருஷம் முன்னால், கோயம்புத்தூரில் வேலை கிடைத்து முதல் லீவுக்கு வந்திருந்தாள், “அம்மா, கையால எழுதிக் கையால எழுதிக் கண்ணைக் கெடுத்துக்காத, பாட்டை எழுத்தா அடி, அல்லிக்குளம் அதை நொட்டேஷனா ஆக்கிரும்,” என்றாள், லில்லிபாண்டுக்கு அவள் வைத்த பெயர் அல்லிக்குளம். கால்மேல் கால் போட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு டக்டக்கென்று என்னவோ தட்டினாள், “இனிமே நீ எங்கிருந்து கூப்பிட்டாலும் வரும்மா.” என்ன தட்டினாள் என்று பார்க்கவில்லை. பார்க்க என்ன அவசரம், மகள்தான் இருக்கிறாளே. மூன்று வருஷம் கழித்து கெசியா ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள், வேல்முருகன் என்று பெயர், நல்ல பையனாகத்தான் இருந்தான், செருப்பை ஒழுங்காக ஓரமாகக் கழற்றி வைத்தான், தண்ணீர் கொடுத்ததும் எழுந்து நின்று வாங்கினான். அவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார், எழுந்து உள்ளே போனார், கதவைச் சாத்தினார். ஹில்டா நடு அறையில் காலித் தம்ளரோடு நின்றாள். முதல் வருஷம் பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமிலிருந்து மாதம் ஒரு தடவை கூப்பிட்டாள். சாப்பிட்டியா, உடம்பு எப்படி, சரி, மணி அடிச்சிட்டாங்க. ஓய்வு பெற்றதும் அதுவும் நின்றது. வீட்டிலிருந்து பேசினால் அவருக்குத் தெரிந்துவிடும். அவர் காலையில் நடக்கப் போவார், சாயங்காலம் சர்ச் கமிட்டிக்குப் போவார், வீட்டில் அவள் தனியாக இருந்த மணிகளைக் கூட்டினால் எத்தனை ஆயிரம் மணி வரும். இருந்தும் வீட்டிலிருந்து பேசினால் அவருக்குத் தெரிந்துவிடும்.

சமையல் கேஸுக்குப் பதிவு செய்வது போலத்தான் கூப்பிட்டாள். விரல் போய்ப் பெயரைத் தொட்டது, ஒலி கேட்டது, ஒன்று, இரண்டு, மூன்று, எடுக்காவிட்டால் வைத்துவிடலாம், எடுக்கமாட்டாள், நான்கு. “ஹலோ.” அம்மா என்று சொல்லவில்லை, யார் என்று தெரியாமலும் இல்லை, பெயர் வந்திருக்கும். “லில்லிபாண்ட் வரமாட்டேங்குது,” என்றாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு, அப்பா செத்து ஐந்து வாரத்துக்குப் பிறகு, மகளிடம் சொன்ன முதல் வார்த்தை அது. அந்தப் பக்கம் ஒரு ஆபீஸ் சத்தம், நாற்காலி நகர்ந்தது, கதவு திறந்து மூடியது, சத்தம் அடங்கியது. “என்ன சொல்லுது?” என்றாள் கெசியா. “அப்படி ஒரு கட்டளையே தெரியாதுங்குது.” “புது மெஷினா?” “ஆமா. பழசு போயிட்டு.” “எங்க வச்சிருக்க?” “சி டிரைவில.” “பாத்ல போட்டியா?” “போட்டேன். ரெண்டு தடவை போட்டேன்.” “போட்டத வாசி. ஒரு எழுத்து விடாம வாசி.” ஹில்டா ஜன்னல்களைத் திறந்து, முன்போலவே ஒட்டி வாசித்தாள், பிள்ளைகளுக்கு டிக்டேஷன் கொடுக்கிற குரலில், சாய்கோடு, புள்ளி, எல்லாம். “கடைசியில புரோகிராம் பேரு வேண்டாம். பின்னோட நிறுத்து. அதுக்கு வீட்டு அட்ரஸ்தான் வேணும், ஆள் பேரு வேண்டாம்.” அழித்தாள். “ஓகே கொடுத்தியா?” “கொடுத்தேன்.” “மூணு ஜன்னல் திறந்திருக்கும், மூணுலயும் ஓகே கொடுக்கணும். ஒண்ணுல கொடுத்துட்டு மத்தத இன்ட்டு போட்டு மூடினா சேவ் ஆகாது.” முன்னால் இரண்டு தடவையும் அவள் மற்ற இரண்டை இன்ட்டு போட்டுத்தான் மூடியிருந்தாள். மூன்றிலும் ஓகே கொடுத்தாள். கறுப்புக் கட்டத்தில் எட்டு எழுத்து. அறியேன். “வரல,” என்றாள். குரல் எப்படி இருந்ததோ, கெசியா கொஞ்சம் நிதானமாகப் பேசினாள். “அந்தக் கறுப்பு விண்டோவ மூடு. அது நீ மாத்துறதுக்கு முன்னால திறந்தது, அதுக்குப் பழசுதான் தெரியும். என்ன மாத்தினாலும் அதுக்குத் தெரியாது. மூடிட்டுப் புதுசா ஒண்ணு திற.” மூடினாள். புதிதாகத் திறந்தாள். அடித்தாள். வரி வரியாக ஓடியது, பெயர், பதிப்பு எண், என்னென்னவோ. “எண் வருது,” என்றாள். “வாசி.” “ரெண்டு புள்ளி இருபத்தி நாலு.” “சரி. இப்ப டி டிரைவுக்குப் போயி பாட்டக் கொடு.” கொடுத்தாள். வாசிக்கிறேன் என்றது, பிரிக்கிறேன் என்றது, பக்கத்தில் பொருத்துகிறேன் என்றது, கடைசியில் வெற்றி என்று ஒரு சொல். பக்கம் திறந்தது. குழுவின் பெயர் தலைப்பில் இருந்தது, அதற்குக் கீழே நாலு குரலும், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கீழே தமிழ் எழுத்துகள் ஒன்றும் உடையாமல். எல்லாம் வந்துவிட்டது என்றாள். “ம்,” என்றாள் கெசியா. அப்படியே அவர் சொல்வது மாதிரி.

வேலை முடிந்தது. இனி சாப்பிட்டியா என்று கேட்கலாம், உடம்பு எப்படி என்று கேட்கலாம். கெசியாவும் வைக்கவில்லை. அவள் மூச்சுவிடுவது கேட்டது, ஏதோ படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள், குரல் எதிரொலித்தது. “கெசியா,” என்றாள் ஹில்டா. “ம்.” “அப்பா ஆஸ்பத்திரியில உன் பேரைச் சொன்னாங்க.” ஹில்டா வரிசை மாறாமல் சொன்னாள், நாலு மணி, பச்சைக் கோட்டு, மாஸ்க், கெசியாவுக்கு, பனித்தது, சொல்ல. “அதுக்கு மேல கேக்கல. சொல்லாதேன்னு நான் எடுத்துக்கிட்டேன். சரின்னேன். அவுங்க கண்ண மூடிக்கிட்டாங்க.” படிக்கட்டில் யாரோ ஏறிப் போனார்கள், செருப்புச் சத்தம் கடந்து போனது. பிறகு, “திரும்பக் கேட்டியா?” என்றாள். “கேக்கல.” “ஏன்?” நேரமாகிவிட்டது என்று நர்ஸ் சொன்னார், சொல்லலாம், உண்மைதான். அவரைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று நினைத்தேன், சொல்லலாம், அதுவும் பொய் இல்லை. வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது, அவளே அதுவரை கேட்டிராத ஒன்று. “கேட்டா, சொல்லுன்னு சொல்லிருவாங்களோன்னு பயம்,” என்றாள். “என்னம்மா?” “மூணு வருஷம் அவுங்க மேல பழியப் போட்டுட்டு நான் சும்மா இருந்தேன். அப்பா விடமாட்டாங்க, அப்பா விடமாட்டாங்கன்னு. அவுங்க ஒரு நாளும் என் போனை வாங்கிப் பாத்ததில்ல கெசியா. பேசாதேன்னு என்கிட்ட சொன்னதுகூட இல்ல. வீட்டுக்கு வரக்கூடாதுன்னாங்க, அவ்வளவுதான். அன்னைக்கு அவுங்க சொல்லுன்னு சொல்லிட்டா, அப்புறம் பேசாம இருந்தது நான்னு ஆயிரும். அதான் கேக்கல.” சொல்லி முடித்ததும் அறையில் இருந்த சாமான்கள் எல்லாம் கொஞ்சம் கிட்டே வந்தது போல இருந்தது, மேஜை, பீரோ, அவர் கண்ணாடிக் கூடு. அந்தப் பக்கம் கெசியா அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஹில்டாவுக்குப் பட்டது, ஐந்து வாரத்தில் முதல் தடவையாக ஒன்று வேண்டும் என்று பட்டது.

“எனக்கு அவர் மேல இருந்த கோபம் சின்னதும்மா,” என்றாள் கெசியா. “அவர் அப்படித்தான், தெரியும். உன்கிட்டதான் ஒவ்வொரு மாசமும் எதிர்பார்த்தேன். அந்த பேனர் போட்டோ வந்தப்ப நான் கேன்டீன்ல நிக்கேன். கையில டோக்கன். என் முறை வந்து, வாங்கி, தட்டை வச்சிக்கிட்டு உக்காந்து முழுசும் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடிச்சுதான் உனக்கு மெசேஜ் போட்டேன்.” ஹில்டா, “ம்,” என்றாள். “நாளைக்குக் கிளம்பி வான்னு சொல்லப்போறியா?” “சொல்லல. உனக்கு எப்படியோ.” “வரமாட்டேன். இப்ப என்னால அந்த வீட்டுக்குள்ள வர முடியாது. எப்ப முடியும்னும் தெரியாது.” “சரி.” “என்ன சரி? சரின்னு சொல்லாத.” மகள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, சளியா வேறெதுவுமா என்று தெரியவில்லை, கேட்கலாம், இந்தத் தடவை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. “அழறியா?” என்று கேட்டாள். “ஆமா,” என்றாள் கெசியா. “கூப்பிடு,” என்றாள் கெசியா கடைசியில். “வரமாட்டேன். ஆனா கூப்பிட்டா எடுப்பேன். மீட்டிங்ல இருந்தா திருப்பிக் கூப்பிடுவேன். இதுக்காகத்தான் கூப்பிடணும்னு இல்ல.” வைத்துவிட்டாள்.

நாலு குரலுக்கும் தனித்தனிப் பக்கம் எடுக்க வேண்டும். சோப்ரானோவுக்கு ஒன்று, ஆல்டோவுக்கு ஒன்று, ஒவ்வொன்றாகப் பெயர் கொடுத்தாள், ஒவ்வொன்றாக வந்தது, பென் டிரைவில் போட்டாள், வெற்றி, வெற்றி என்று திரை சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்தே முக்காலுக்கே வாசலில் பைக் சத்தம், அழைப்பு மணி. ஆல்வின் எப்போதும் கால் மணி நேரம் முன்னால்தான் வருவான். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. எப்போது மடக்கி வைத்தாளோ, வலது காலை நாற்காலி மேல் மடக்கி அதன் மேலேயே மூன்று மணி நேரமாக உட்கார்ந்திருந்திருக்கிறாள், கால் கட்டையாக இருந்தது, கையால் தூக்கிக் கீழே வைத்தாள், பாதத்துக்குத் தரை தெரியவில்லை. பிறகு தெரிந்தது. உள்ளங்காலில் முதலில் ஒரு ஊசி, அப்புறம் பத்து, அப்புறம் முழங்கால்வரைக்கும் ஆயிரம் எறும்பு ஒரே நேரத்தில் கடிப்பது போல ரத்தம் இறங்கியது, தாங்கமுடியாத வலி, மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், பல்லைக் கடித்தாள், வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, தன் சத்தம்தான் என்று அவளுக்குத் தெரிந்தது, கண் நிறைந்து கீபோர்டு மேல் மண்ணில் சொட்டியது, காலுக்கா எதற்கு என்று பிரிக்க முடியாமல் சொட்டிக்கொண்டே இருந்தது. மணி மறுபடி அடித்தது. “டீச்சர்? இருக்கீங்களா?” “இருக்கேன்,” என்று உரக்கச் சொன்னாள். “கால் மரத்துப்போச்சு ஆல்வின். கொஞ்சம் இருங்க. வருது, வந்துகிட்டே இருக்கு.”